பெரியநீலாவணை: ஒரு சிற்றூரின் வரலாறு



வரலாறு என்று சொன்ன மாத்திரத்தே அரசர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களும் நம் நினைவில் எழுகின்றன. அனுராதபுரத்துக்கு வரலாறு உண்டு, நல்லூருக்கு வரலாறு உண்டு, கண்டிக்கு உண்டு. மட்டக்களப்பு நகருக்குங்கூட, 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதையும், 1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதையும் வைத்து நூல்கள் ஒரு வரலாறு கூறுகின்றன. ஆனால் அரசன் பிறவாத, கோட்டை எழாத, கல்வெட்டு ஒன்றேனும் கிடையாத ஒரு சிற்றூருக்கு வரலாறு உண்டா? உண்டெனின் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்காக, கிழக்குக் கரையிலே கல்முனைக்கு வடக்கே உள்ள பெரியநீலாவணை என்னும் ஊரை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊருக்குள் நுழையுமுன் ஒரு பிறநாட்டுச் செய்தியைச் சொல்லுதல் பொருந்தும். இங்கிலாந்து தேசத்திலே பத்துப் பதினைந்து வீடுகள் மாத்திரமே உள்ள குக்கிராமத்துக்கும் எழுதப்பட்ட வரலாறு இருப்பதைக் காணலாம். 1086ஆம் ஆண்டிலே, வில்லியம் மன்னனின் ஆணைப்படி, அந்நாட்டு ஊர்கள் பலவற்றில் எத்தனை ஏர் உண்டு, எத்தனை குடியானவர் உண்டு, ஆலை உண்டா, மேய்ச்சல் நிலம் உண்டா என்று கணக்கெடுத்து ஒரு பேரேட்டிலே பதிந்தார்கள். டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். பின்னர் 1538ஆம் ஆண்டு முதல், கோவிற்பற்றுத் தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிய வேண்டுமென்று ஆணை பிறந்தது. 1899ஆம் ஆண்டிலே, நாட்டின் ஒவ்வொரு பகுதியின் வரலாற்றையும் ஊர் ஊராக எழுதும் பெருந்திட்டம் ஒன்றை அறிஞர்கள் தொடங்கினார்கள். அது இன்றும் முற்றுப்பெறவில்லை.

ஏடுகள் இல்லாத இடத்திலும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. ஹோஸ்கின்ஸ் என்னும் பேராசிரியர் 1955ஆம் ஆண்டிலே ஒரு நூலை வெளியிட்டார். வேலியின் வளைவு, ஒற்றையடிப் பாதையின் போக்கு, வயல் வரம்பின் அமைப்பு ஆகிய யாவும் படிக்கத் தெரிந்தவனுக்கு ஏடுகளே என்பது அந்நூல் கற்பித்த பாடம். யோக்சயரிலே வாரம் பேர்சி என்று ஒரு சிற்றூர் இருந்தது. மக்கள் நீங்கிப் புல் மூடிக் கிடந்த அந்த ஊரை 1950 முதல் 1990 வரை நாற்பது ஆண்டுகள் ஆய்வாளர்கள் அகழ்ந்து, அங்கு வாழ்ந்த ஏழைக் குடியானவரின் வாழ்க்கையை வெளிக்கொணர்ந்தார்கள். ஆளில்லாத ஊருக்கே அத்துணை உழைப்பு! ஆட்கள் நிறைந்து வாழும் நம் ஊர்களுக்கு நாம் செய்தது என்ன?

இலங்கையிலே முறையான குடிசன மதிப்பு முதன் முதலாக நடந்தது 1871ஆம் ஆண்டிலேதான். அதற்கு முற்பட்ட காலத்திலே நம் சிற்றூர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அரியன. ஆதலால் பெரியநீலாவணையின் வரலாற்றை வேறிடங்களிலே தேடவேண்டும். நிலம், பெயர், தொழில், வீடு என்னும் நான்கு ஏடுகளிலே அதனைத் தேடுவோம்.

முதலாவது ஏடு நிலம். பெரியநீலாவணைக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்திலே ஊர் அமைந்திருக்கிறது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காலாற நடந்தே போய்விடலாம். இந்த நிலக்கீற்றின் வழியாகத்தான் மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் பெருந்தெரு செல்கிறது. வாவியின் கிழக்குக் கரையை, சூரியன் எழும் பக்கமாதலின், எழுவான்கரை என்றும், மேற்குக் கரையை, சூரியன் படும் பக்கமாதலின், படுவான்கரை என்றும் இந்நாட்டு மக்கள் அழகாகப் பெயரிட்டு வழங்குகின்றனர். எழுவான்கரையிலே குடியிருப்பு, படுவான்கரையிலே வயல். இதுவே நெடுங்காலமாக இப்பகுதியின் வாழ்க்கை ஒழுங்காய் இருந்து வந்தது. மாரி பிறந்ததும் தோணியேறி வாவியைக் கடப்பதும், வயலோரத்து வாடியிலே தங்கி விதைப்பும் காவலும் செய்வதும், அறுவடை முடிந்து நெல்லோடு வீடு திரும்புவதும் ஆண்டுக்காண்டு நிகழ்ந்தன. வடக்கே கல்லாற்றுப் பக்கத்திலே வாவி கடலோடு கலக்கும் வாய் ஒன்று உண்டு. கோடையிலே மணல் அதை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகியதும் அது திறந்துகொள்ளும். அந்த வாய் எப்பொழுது திறக்கும் என்பதைப் பொறுத்தே வயலின் விளைவும் வாவியின் மீனும் அமைந்தன. அரசர் மாறிய காலத்தை ஊரார் மறந்திருக்கலாம். வெள்ளம் வந்த ஆண்டை அவர்கள் மறப்பதில்லை. 1957ஆம் ஆண்டு வெள்ளமும் 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி வீசிய சூறாவளியும் இக்கரையின் காலக்கணக்கிலே நாட்டப்பட்ட எல்லைக்கற்களாம்.

இரண்டாவது ஏடு பெயர். நீலாவணை என்ற பெயரை இரண்டு ஊர்கள் தாங்கி நிற்கின்றன. கடற்பக்கம் உள்ளது பெரியநீலாவணை. வாவியின் நடுவே, நீர் சூழ்ந்து கிடப்பது துறைநீலாவணை. துறை என்ற சொல் தோணி கட்டும் இடத்தைக் காட்டுகிறது. பெரிய என்ற அடைமொழி இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த காலத்தைக் காட்டுகிறது. ஆகவே இவ்விரண்டு பெயர்களும், இரண்டு ஊர்களும் ஒரே வாழ்க்கையின் இரு பக்கங்களாய் இருந்தன என்பதற்குச் சான்று. ஆனால் 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் என்று தனியே அமைத்தார்கள். எல்லைக்கோடு இந்த இரண்டு நீலாவணைகளுக்கும் நடுவே விழுந்தது. துறைநீலாவணை மட்டக்களப்பிலே நின்றது. பெரியநீலாவணை அம்பாறை மாவட்டத்தின் வடக்கெல்லை ஊராயிற்று. கரைவாகுப் பற்று என்னும் பழைய பிரிவின் பெயரும் மெல்ல வழக்கொழிந்து, இன்று முதியோர் வாயிலும் பழைய உறுதிகளிலுமே காணப்படுகிறது. காகிதத்தில் இழுத்த கோடு உறவை அறுக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை. ஆயினும் கச்சேரி வேறு, பதிவு வேறு, கணக்கு வேறு என்றாகிவிட்டபடியால், இரண்டு ஊர்களையும் ஒருங்கே வைத்து வரலாறு எழுத முற்படுபவன் இரண்டு மாவட்டங்களின் படியேற வேண்டியவனாகிறான்.

மூன்றாவது ஏடு தொழிலும் தொழிலோடு பிறந்த மொழியும். நேயர்களே, தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வேளாண்மை என்றால் பயிர்த்தொழில் என்று பொருள். மட்டக்களப்புப் பகுதியிலோ வயலிலே விளைந்து நிற்கும் நெற்பயிரையே வேளாண்மை என்பார்கள். வேளாண்மை வெட்டுதல் என்றால் நெல் அறுத்தல். வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். நிலமுடையவர் போடியார், அவருக்காக வயலை முன்னின்று நடத்துபவர் முல்லைக்காரர். வெட்டிய கதிரை அடுக்கிய குவியல் சூடு. சூடடிக்கும் இடம் களவெட்டி. அங்கே குவியும் நெல் பொலி. களத்திலே நிற்கும்பொழுது மாட்டுக்கும் பெட்டிக்கும் அன்றாடப் பெயர்களை வழங்காமல், களத்துக்கென்றே உரிய பெயர்களை வழங்குவது பழைய மரபு. களம் தெய்வம் உறையும் இடம் என்ற நம்பிக்கை அம்மரபுக்கு அடிப்படை. கடற்கரையிலும் இவ்வாறே கரைவலை இழுப்போருக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயரும் குணமும் தெரியும். அயலிலே மருதமுனை, அது கைத்தறி நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். நெல்லும் மீனும் துணியும் ஒன்றுக்கொன்று மாறிய சந்தை வாழ்க்கை இது.

இச்சொற்கள் யாவும் வரலாற்றுப் பத்திரங்கள். 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் மூலம் பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெருங்குளம் கட்டியபின், வானம் பார்த்த வயல்கள் பலவற்றுக்கு வாய்க்கால் நீர் கிடைத்தது. அதன் பின்னர் உழவு இயந்திரம் வந்தது. அதன் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தது. இயந்திரம் கதிரை வெட்டி அங்கேயே நெல்லையும் பிரித்துத் தந்துவிடுகிறது. சூடு வைப்பதில்லை, ஆகவே சூடு என்ற சொல்லும் வேண்டியதில்லை. களவெட்டி இல்லை, களத்து மொழியும் இல்லை. உழைப்பு இலகுவானதை நாம் குறைகூற மாட்டோம். முதுகு முறிய உழைத்தவனுக்கு அன்றோ அதன் அருமை தெரியும்! எனினும் ஒரு தொழில் முறை போகும்போது அதனோடு ஒரு சொற்களஞ்சியமும் போகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இதை அறிந்திருந்த ஒருவர் அவ்வூரிலேயே பிறந்தார். 1931ஆம் ஆண்டிலே பெரியநீலாவணையிலே பிறந்து, ஆசிரியராய்ப் பணியாற்றிய சின்னத்துரை என்பவர், ஊரின் பெயரையே தம் புனைபெயராக்கி நீலாவணன் என்று எழுதினார். ஈழத்து நவீன கவிதையின் முன்னணியிலே வைத்து எண்ணப்படுபவர் அவர். கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று வளர்த்தார்; பாடும்மீன் என்ற சஞ்சிகையை நடத்தினார். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க் கொத்தன் முதலியோர் அவரோடு கூடி இலக்கியம் பேசியவர்கள். தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி ஓர் இலக்கிய வட்டம் அக்கரையிலே உருவாயிற்று. மட்டக்களப்பு உழவர் வாழ்க்கையை, அவர்களுடைய சொல்லும் சடங்கும் வழக்கமும் விளங்க, வேளாண்மை என்ற பெயரிலே அவர் ஒரு காவியமாக எழுதினார். 1975ஆம் ஆண்டு ஜனவரியிலே, நாற்பத்து மூன்று வயதிலே, அவர் காலமானார். வழி என்னும் கவிதைத் தொகுதி 1976இலும், வேளாண்மை 1982இலும், ஒத்திகை 2001இலும் நூலுருவாயின.

வேளாண்மையை நாம் கவிதை என்று சுவைக்கிறோம், அது தகும். ஆயினும் இன்னொரு கண்ணாலும் அதைப் பார்க்கலாம். இங்கிலாந்திலே மன்னனின் ஏவலர் வரி வாங்குவதற்காகச் செய்த பதிவை, இங்கே ஓர் ஆசிரியர், எவரும் ஏவாமல், ஊரின்மேல் வைத்த அன்பினாலே செய்தார். டூம்ஸ்டே ஏட்டிலே ஏர்களின் தொகை உண்டு. ஏர் பிடித்தவன் பேசிய பேச்சு இல்லை. நீலாவணனிடம் பேச்சு உண்டு.

நான்காவது ஏடு வீடு. இந்த ஏட்டை வாசிக்கத் தவறியதால் நேர்ந்த இன்னலை நாம் கண்டோம். ஆதலின் இதைச் சற்று விரித்துச் சொல்லுதல் அவசியம்.

மட்டக்களப்புப் பகுதியிலே குடி என்பது தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. இந்து மக்களிடத்திலே கோயிற் பொறுப்புகளும் திருவிழா உரிமைகளும் குடி முறையிலே அமைந்தன. முஸ்லிம் மக்களிடத்திலும் குடிகள் உண்டு. பள்ளிவாசலின் மரைக்காயர் பொறுப்பும் குடி வழியாகவே பகிரப்பட்டு வந்தது. இரு சமயத்தாருக்கும் பொதுவாக அமைந்த இம்மரபு இக்கரையின் சிறப்பு. சொத்துரிமையும் ஒரு காலத்திலே தாய்வழியே சென்றது. முக்குவர் சட்டம் என வழங்கிய இவ்வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் தொகுத்து 1876ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அச்சட்டம் வழக்கிழந்த பின்னரும் அதன் உயிர்நாடி ஒன்று நின்று நிலைத்தது. அதுதான் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம். மகள் பிறந்தால் வளவிலே அவளுக்கென்று ஒரு வீடு எழும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். தாயின் வீட்டருகே மகளின் வீடு, அதனருகே அவள் தங்கையின் வீடு என்று ஒழுங்கைகள் உருவாயின. எனவே ஊரின் வரைபடம் தாய்மாரும் மக்களும் வரைந்த வரைபடமாகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள் காலை, கடல் கரையேறி வந்தது. இலங்கையிலே உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் வரிசையாக அடிபட்டன. வீட்டோடு உறுதியும், பிறப்புப் பத்திரமும், படமும், குறிப்பும் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, எதை எங்கே கேட்டறியலாம் என்று நாம் நம்பியிருந்த முதியோர் பலர் போயினர்.

பின்னர் வீடுகள் கட்டப்பட்டன. கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் கட்டலாகாது என்று முதலில் சொல்லப்பட்டது. அம்பாறைக் கரையிலே அது பின்னர் 65 மீற்றராகக் குறைந்தது. பெரியநீலாவணையிலே தொடர்மாடிக் குடியிருப்பு எழுந்தது. தலைக்குமேல் கூரை கிடைத்ததை நன்றியோடு ஏற்றோம். ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வி எழுந்தபொழுது, படிவத்திலே குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே பெரும்பாலும் கணவரின் பெயர் எழுதப்பட்டது. தாய் கொடுத்த வீட்டிலே உரிமையோடு வாழ்ந்த பெண், தன் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, புதிய வீட்டிலே கணவர் வீட்டில் இருப்பவளாக ஆனாள். மகளுக்குக் கொடுக்க அவள் பெயரிலே ஒன்றும் இல்லை. கிழக்குக் கரையெங்கும் பெண்கள் இதை எடுத்துக் கூறினார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக உறுதி எழுத வேண்டும் என்று கோரினார்கள்.

இந்தத் தவறு தீய எண்ணத்தால் நேர்ந்ததன்று. உதவி செய்ய வந்தோருக்கு ஊரின் வரலாறு தெரியாது. தெரிந்துகொள்வதற்கு அவர்கள் கையிலே கொடுக்கத்தக்க எழுத்தும் இல்லை. பெண்ணுக்கே வீடு என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். எல்லாரும் அறிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. சிற்றூரின் வரலாறு பொழுதுபோக்குக்குரிய பழங்கதை என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. ஊர் வரலாறு எழுதப்படாதிருந்தால், ஒருநாள் அந்த ஊரவரின் உரிமைக்கே அது இடராகும்.

கிழக்குப் பகுதியைப் பொதுவாக நோக்கிய நூல்கள் நமக்கு உண்டு. எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், பண்டிதர் வி. சீ. கந்தையா எழுதிய மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தன. அவை பெரும்பாதை போட்டுத் தந்தன. ஊருக்குள் செல்லும் ஒழுங்கைகளை அமைப்பது ஊராரின் கடன்.

எவ்வாறு அமைப்பது? இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பாடசாலையிலே தலைமையாசிரியர்கள் ஆண்டாண்டாக எழுதிவைத்த சம்பவத்திரட்டுப் புத்தகம் இருக்கும், அதைப் படியெடுக்கலாம். கோயிற் கணக்கும் பள்ளிவாசற் கணக்கும் இருக்கும். அவற்றைப் பொறுப்பானவர் இசைவோடு பார்வையிடலாம். உயர்வகுப்பு மாணவர் சிலர் கூடி, ஒழுங்கை தோறும் சென்று, எந்த வீடு எந்தத் தாய்க்குரியது, அவள் எந்தக் குடி, எங்கிருந்து வந்தது அவள் வழி என்று கேட்டு எழுதலாம். வட்டைகளின் பெயர், வாய்க்கால்களின் பெயர், தோணித் துறைகளின் பெயர் ஆகியவற்றை வரைபடத்திலே குறிக்கலாம். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. களத்து மொழியை அறிந்த முதியவரைப் பேசவைத்துப் பதியலாம்.

ஒன்றை மாத்திரம் மறத்தலாகாது. இனிப்பானவற்றை எழுதிக் கசப்பானவற்றை மறைக்கும் வரலாறு நிலைக்காது. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் இக்கரையிலே அயலவர் அயலவரை அஞ்சிய நாட்கள் வந்தன. உயிர்கள் போயின; ஊர்கள் இடம்பெயர்ந்தன. தமிழர் தம் துயரை மட்டும் எழுதினால் பாதி வரலாறு. முஸ்லிம்கள் தம் துயரை மட்டும் எழுதினால் மற்றப் பாதி. நெல்லையும் துணியையும் மாற்றிக்கொண்ட ஊர்கள், குடி மரபைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள், இந்தக் கணக்கையும் ஒரே ஏட்டிலே எழுத முயலட்டும். ஒரு பாயிலே அமர்ந்து கவிதை பேசிய நீலாவணன் காலத்துச் சங்கம் அதற்கு வழிகாட்டியாக நிற்கிறது.

நேயர்களே, பெரியநீலாவணை ஓர் உதாரணம். உங்கள் ஊர் மன்னாரிலே இருக்கலாம், மலைநாட்டிலே ஒரு தோட்டமாக இருக்கலாம், வன்னியிலே ஒரு குளத்தடியாக இருக்கலாம். அங்கும் நிலமும் பெயரும் தொழிலும் வீடும் உண்டு. அந்த நான்கையும் வாசித்துச் சொல்லத்தக்க முதியவர் ஒருவரும் இன்று அங்கே இருப்பார். அவர் இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் திண்ணைக்குச் செல்லுங்கள். முதற் கேள்வியாக, இந்த வளவு யாருடைய தாய் கொடுத்தது என்று கேளுங்கள். மற்றவை தாமே தொடர்ந்து வரும்.